சார்பிட்ரேட் அட்டைக் கணக்கு

வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவில் 22 வருடம் இ.சி.ஜி. எடுத்தேன். மாதாமாதம் காசிமேட்டிலிருந்து ஒரு பெரியவர் வருவார். சட்டையைக் கழற்றினால் இடது விலாவோரம் நீளமாக ஒரு தழும்பு. பைபாஸ் தழும்பென்றால் நடுநெஞ்சில் இருக்கும். இது 2001-ல் வேறொரு இடத்தில் லேசரால் இதயத்தில் துளை போட்டதன் அடையாளம்.

இதயத்தின் ரத்தக் குழாய்கள் நெடுக அடைத்து, பைபாஸுக்கும் ஸ்டென்ட்டுக்கும் வழியில்லாதவர்களுக்கு அதைச் செய்தார்கள். துடிக்கிற இதயத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் 20 முதல் 40 துளைகள். இதய அறைக்குள் இருக்கும் ரத்தம் நேராகத் தசைக்குள் போகும் என்று கணக்கு. பாம்பின் இதயம் அப்படித்தான் ரத்தம் வாங்குகிறது. 1960-களில் பம்பாயில் டாக்டர் பி.கே. சென் இதையே ஊசியால் குத்திப் பார்த்தார்.

ஆனால் துளைகள் சீக்கிரமே மூடிக்கொள்கின்றன. டாக்டர் இதைச் சொன்ன அன்று பெரியவர் என்னிடம் வந்து, "ஓட்டை மூடிக்கினு போச்சாமே தம்பி. அப்போ நான் எப்பிடி நடக்கறேன்?" என்றார்.

நியாயமான கேள்வி. முன்பு சூரியநாராயண செட்டித் தெருவைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை உட்காருவாராம், நாக்குக்கடியில் நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரையோடு. இப்போது விடியற்காலையில் மீன் ஏலத்துக்கு நடந்தே போகிறார். சட்டைப்பையில் மாத்திரை அட்டை பழசாகிக் கசங்கிக் கிடந்தது. என் இ.சி.ஜி. தாள்களோ மாறவேயில்லை. தேதியை மறைத்துவிட்டால் எது எந்த வருடத்தது என்று எனக்கே தெரியாது.

வலி நரம்புகள் பொசுங்கியிருக்கலாம், காயத்தைச் சுற்றிப் புதுக் குழாய்கள் முளைத்திருக்கலாம், மனசின் நம்பிக்கையாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், நான்கு தர அளவில் சராசரி 3.7-ஆக இருந்த நெஞ்சுவலி 1.6-க்கு இறங்கியிருந்தது. நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாக லேசர் செலுத்தியவர்களையும், செலுத்தியது போல் பாசாங்கு மட்டும் செய்தவர்களையும் 2005-ல் ஒப்பிட்டபோது இருவருக்கும் ஒரே அளவு சுகம்! அறுவைசிகிச்சையில் உயிராபத்தும் உண்டு. 2009-ல் பிரிட்டன் இதைச் செய்ய வேண்டாம் என்றுவிட்டது. டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த ஏல நடையை எழுத எங்கள் ஃபைலில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

2010 மழைக்காலத்தில் ஒருநாள் காலி அட்டையை என் மேசையில் வைத்தார்.

"ஒரே மாசத்துல தீந்துபோச்சு தம்பி."

சரி, படுங்க நைனா என்று கம்பிகளை மாட்டினேன். தாளில் அதே கோடுதான் வந்தது.