பெயின்ட் அடிப்பதற்கு முன்னால்: எங்கள் வீட்டுச் சின்ன சைக்கிள்

பழைய சைக்கிளைச் சீரமைக்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் போய் நிற்பது பெயின்ட் கடையில்தான். அது எந்தக் கம்பெனிச் சைக்கிள், எந்தக் காலத்தது என்பதற்கான தடயங்கள் பெரும்பாலும் பழைய பெயின்டிலும் அதற்கு அடியிலும்தான் இருக்கின்றன. அவற்றை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பிறகு ஆராய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. 1979இல் அண்ணனுக்காக அப்பா கைமாறி வாங்கி, அண்ணனுக்குப் பின் நானும் ஓட்டி, கடைசியில் ஊர் வீட்டுப் பரணுக்குப் போய்விட்ட சைக்கிளை என் மகளுக்காக இறக்கியபோது, அது இன்னதென்று தெரியும்வரை ஸ்பேனரைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

அப்பா வாங்குவதற்கு முன்பே யாரோ அதற்குப் பிரஷ்ஷால் நீலம் அடித்திருந்தார்கள். ஹேண்டில் பாருக்குக் கீழே முன்குழாயில் இருந்த பித்தளை வில்லையும் அந்த நீலத்தில் மூழ்கியிருந்தது. மகள் பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைக்கத் துடைக்க, முதலில் ‘ஹெர்குலஸ்’ என்ற பெயரும், பிறகு விளிம்பில் இந்தியத் தயாரிப்பு என்ற வரியும் தெரிந்தன. ஹெர்குலஸ் 1910இல் பர்மிங்காமில் தொடங்கப்பட்ட கம்பெனி. 1946இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அதை வாங்கியது. அந்நிறுவனமும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949இல் டிஐ சைக்கிள்ஸை நிறுவி, சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலஸ் சைக்கிள்களைச் செய்யத் தொடங்கின. ஆகவே எங்கள் சைக்கிள் 1949க்கும் 1979க்கும் இடைப்பட்டது. சைக்கிளின் சட்டத்தில் (ஃபிரேமில்) குத்தியிருந்த எண்ணை வைத்து இதை இன்னும் நெருக்கலாம் என்று அண்ணன் நம்பினார். தொழிற்சாலைப் பதிவேடு கையில் இல்லாதவரை அந்த எண் வெறும் எண்தான்.

வில்லையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. பழைய பிஎஸ்ஏ என்றால் சாய்த்து அடுக்கிய மூன்று துப்பாக்கிகள், ராலே என்றால் கொக்கின் தலை என்று முத்திரைகள் உண்டு; ஆனால் நம் ஊர்ச் சைக்கிள்கள் பாகம் பாகமாக மாற்றப்பட்டே வாழ்ந்தவை. எங்களுடையதிலும் சீட் பிற்காலத்தது. குழந்தைக்கென்று தனிச் சைக்கிள் வாங்குவதே அன்று ஆடம்பரம். மற்றவர்கள் வாடகைக் கடையில் அரை சைக்கிள் எடுத்தார்கள், அல்லது பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டார்கள்.

பிரிக்கும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். “பாப்பா, இடது பெடல மட்டும் கடிகாரம் சுத்துற பக்கமா திருப்பணும், அதுக்கு மரை எதிர்ப்பக்கம்” என்று அவர் சொன்னதை அவள் முதலில் நம்பவில்லை. பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்கை அச்சோடு பிடித்திருந்த காட்டர் பின் என்ற ஆணி துருவேறி இறுகிக் கிடந்தது. அதை வெறுமனே சுத்தியால் அடித்தால் மரை நசுங்கிவிடும் என்பதால், இரவு முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, நட்டைப் பின்னின் நுனி வரை தளர்த்தி அப்படியே விட்டு, கிராங்கிற்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, ஒரே அடியாக ஓங்கி அடித்தார். பின் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் கால் அங்குல பேரிங் குண்டுகள், முன் ஹப்பில் அதைவிடச் சிறிய 3/16 அங்குலக் குண்டுகள். அவற்றைக் கலக்காமல் தனித்தனிக் கிண்ணத்தில் கழுவியது மகள். வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தபோது சிலவற்றில் ஊசி குத்தியதுபோல் பள்ளங்கள் தெரிந்தன. தேயாதவற்றோடு புதியவற்றைச் சேர்க்காமல் எல்லாக் குண்டுகளையும் மாற்றிவிட்டோம்.

டயர் வாங்குவதில்தான் அடையாளம் காண்பதன் அருமை புரியும். இருபது அங்குல டயர் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் 20 × 1.75. எங்கள் பழைய டயரின் பக்கவாட்டில் இருந்ததோ 20 × 1⅜. இரண்டும் பெயரளவில் இருபதுதான் என்றாலும், டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் முன்னதற்கு 406 மில்லிமீட்டர், எங்களுடையதற்கு 451. ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. டியூபில் பழைய வகை வால்வு. உலோகத் தண்டின் பக்கவாட்டுத் துளையைச் சின்ன ரப்பர்க் குழாய் மூடியிருக்கும். பம்ப் அடிக்கும்போது காற்று அதை விலக்கி உள்ளே போகும், நிறுத்தியதும் டியூபின் அழுத்தமே ரப்பரைத் துளையோடு ஒட்டவைத்துவிடும். அந்த வால்டியூபை எச்சில் தொட்டு ஏற்றுவதற்கு அப்பா கற்றுக்கொடுத்ததை என் மனைவி ரசிக்கவில்லை. மகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தாள்.

கடைசியாகப் பெயின்ட். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதியே 2016இல்தான் வந்தது. குழந்தை இருக்கும் வீட்டில் அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்புவது அறிவீனம். தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய எனாமலைவிடக் கையால் அடித்த எனாமல் கரைப்பானுக்குச் சீக்கிரம் இளகும் என்பதால், மகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, நானும் மனைவியும் கையுறை போட்டுக்கொண்டு, திறந்த மாடியில் பஞ்சில் தின்னரைத் தொட்டு உள்ளங்கையளவு இடமாக நீலத்தை எடுத்தோம். அடியில் கருஞ்சிவப்பும், சீட்டுக் குழாயில் பாதி அழிந்த பொன்னிற எழுத்துகளும் வந்தன. பழையதை முழுக்கச் சுரண்டிவிட்டுப் பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் கொடுத்தால் பளபளக்கும் என்றார் அண்ணன். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கடையில் புதிதாகக் கிடைக்கும் பளபளப்புக்காக இந்த எழுத்துகளை ஏன் இழக்க வேண்டும்? துரு அரித்துவிட்ட மட்கார்டுகளுக்கு மட்டும் புதுப் பெயின்ட், சட்டத்திற்கு மெழுகுப் பூச்சு என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மகள் இப்போது தெருமுனை வரை ஓட்டுகிறாள். அவளுக்கு உயரம் போதாமல் போனதும் தங்கை மகன் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்குள் அந்தக் காலத்துக் குழந்தைகள் சீட் ஒன்று, ஸ்பிரிங் உடையாமல், பழைய சைக்கிள் கடை எதிலாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.