குச்சிக்கிழங்குக் காடும் சாம் ரைஸ் எழுதி வைத்த கடிதமும்

பன்னிரண்டாவது பரீட்சை முடிந்த லீவில் ஆத்தூர் பக்கம் ஒரு டென்னிஸ் பால் டோர்னமெண்ட் ஆடப் போனோம். மைதானம் என்றால் மூன்று பக்கம் தரிசு, நான்காவது பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த குச்சிக்கிழங்குக் காடு (மற்ற ஊர்க்காரர்களுக்கு மரவள்ளி). அந்தக் காட்டின் வரப்புதான் பவுண்டரி. கயிறு கிடையாது என்பதால் காட்டுக்குள் விழுந்து பிடித்தாலும் அவுட் என்று டாஸுக்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள். கடைசி ஓவரில் ஒருவன் தூக்கி அடித்தான், நான் பின்னாலேயே ஓடினேன், வரப்பு தடுக்கி, பந்தோடு செடிகளுக்குள் போய் விழுந்தேன். எழுந்து வெளியே வர கொஞ்ச நேரம் ஆனது. வந்தபோது பந்து கையில் இருந்தது. அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார்.

அடித்தவன் இப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான், என் நெருங்கிய நண்பன். வாரம் ஒருமுறை தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்கறியும்) சாப்பிடச் சேருவோம். இருபது வருஷத்துக்கு மேலாக அவன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டேய், அன்னைக்கு புடிச்சியா, கீழ கெடந்தத எடுத்தியா?" நான் சொல்வதும் ஒன்றுதான்: "அம்பயர் அவுட்னு சொன்னார்ல?"

போன மாசம் ஏற்காட்டில் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் மழையில் மாட்டிக்கொண்டேன். ஏரி பக்கம்கூடப் போக முடியாத பனிமூட்டம். சும்மா போனில் எதையோ தேடப் போய், இதே பதிலை 1925-லேயே ஒரு ஆள் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. சாம் ரைஸ். வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டக்காரர், அவுட்ஃபீல்டர். நம் கணக்கில் லாங் ஆன், டீப் மிட்விக்கெட்டில் நிற்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1925 அக்டோபர், வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்), பிட்ஸ்பர்க் அணியோடு மூன்றாவது ஆட்டம், வாஷிங்டனில். எட்டாவது இன்னிங்ஸில் (பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது) வாஷிங்டன் 4-3 என்று ஒரே ஒரு ரன் முன்னால் நிற்கிறது. பிட்ஸ்பர்க்கின் ஏர்ல் ஸ்மித் வலது பக்கமாக நீளமாக அடிக்கிறார். ரைஸ் ஓடிப் போய் எம்புகிறார், கையுறையில் பந்து பட்ட மாதிரி இருக்கிறது, அப்படியே தடுப்பைத் தாண்டி, கூடுதல் கூட்டத்துக்காகப் போட்டிருந்த தற்காலிக இருக்கைகளுக்குள் ஜனங்களுக்கு மத்தியில் விழுந்து காணாமல் போகிறார். பத்து நொடிக்கு மேல் ஆளைக் காணோம். அப்புறம் எழுந்து வருகிறார், கையில் பந்து. அம்பயர் சை ரிக்ளர் அவுட் கொடுத்துவிட்டார். கிரிக்கெட்டில் இது சந்தேகமே இல்லாமல் சிக்ஸர். பேஸ்பாலில் கேட்சை முடித்துவிட்டுக் கூட்டத்துக்குள் விழுந்தால் அவுட்தான். கிட்டத்தட்ட எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டு ரூல்.

பிட்ஸ்பர்க்காரர்கள் கத்தித் தீர்த்தார்கள். கீழே விழுந்த பந்தை யாரோ ரசிகர் எடுத்துக் கையில் கொடுத்திருப்பார் என்பது அவர்கள் கட்சி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பலர் சத்தியப் பிரமாணமே எழுதிக் கொடுக்க வந்தார்கள். பாதிப் பேர் பிடித்தார் என்றும் பாதிப் பேர் இல்லை என்றும். ரைஸிடம் யார் கேட்டாலும் கிடைத்த பதில், அம்பயர் அவுட் என்று சொன்னார். அவ்வளவுதான். அந்த ஆட்டத்தை வாஷிங்டன் ஜெயித்தது, ஆனால் சீரிஸை ஏழாவது ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கிடம் கோட்டைவிட்டது. அதனால் கோப்பை அந்த கேட்சால் கை மாறிவிடவில்லை. ஆனாலும் கேள்வி மட்டும் விடவில்லை, கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் துரத்தியது. கடைசியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் (பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் மியூசியம்) கொடுத்து, நான் செத்த பிறகு பிரியுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சரியான குறும்புக்கார ஆசாமி, எல்லோரையும் நன்றாகக் காய விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவருடைய முன்கதையைப் படித்தேன். வெளியே மழை இன்னும் விடவில்லை, போனை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1890-ல் இண்டியானா மாநிலத்தில் மொராக்கோ என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். பெயர் எட்கர் சார்லஸ் ரைஸ். பண்ணை வேலை, கல்யாணம், இரண்டு குழந்தைகள். 1912 ஏப்ரலில் இல்லினாய்ஸில் ஒரு சின்ன அணியில் இடம் கேட்டுத் தேர்வு ஆட்டங்களுக்குப் போயிருக்கிறார். அந்த நேரம் மனைவி குழந்தைகளை அழைத்துக்கொண்டு ரைஸின் அப்பா அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, சூறாவளி. மனைவி, இரண்டு குழந்தைகள், ரைஸின் அம்மா, இரண்டு தங்கைகள், எல்லோரும் ஒரே நாளில். காயத்தோடு தப்பிய அப்பாவும் சில நாட்களில் போய்விட்டார். 22 வயதில் பந்து ஆடப் போன ஒரு காரணத்தால் மட்டும் உயிரோடு இருக்கிற மனுஷன், மறுபடி பந்தைக் கையில் எடுக்க எப்படி மனசு வந்திருக்கும்?

உடனே எடுக்கவில்லை. கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டு ஊர் ஊராக அலைந்து, கடற்படையில் சேர்ந்து, 1914-ல் மெக்சிகோவின் வெராக்ரூஸில் அமெரிக்கப் படை இறங்கியபோது அந்தக் கப்பல்களில் ஒன்றில் இருந்திருக்கிறார். அப்புறம் வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் அணியில் பிட்சர், அதாவது பந்து எறிகிறவர். அந்த அணியின் முதலாளி, வாஷிங்டன் அணியின் மேனேஜர் கிளார்க் கிரிஃபித்துக்குத் தர வேண்டிய கடனுக்கு ஈடாக இவரைத் தள்ளிவிட்டார். கடனுக்கு மாட்டைப் பிடித்துக்கொண்டு போவதை நம் பக்கம் கேள்விப்பட்டிருக்கிறோம், இங்கே ஆளையே ஓட்டிவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது கிரிஃபித்துக்கு இவர் முதல் பெயர் ஞாபகம் வராமல், வாயில் வந்த 'சாம்' என்பதைச் சொல்ல, எட்கர் அதற்குப் பிறகு சாம்.

1915-ல் பெரிய லீகுக்கு வரும்போதே வயது 25. அடுத்த வருஷம் பந்து எறிவதை விட்டுவிட்டு அவுட்ஃபீல்டுக்கு மாறினார். 1918 கிட்டத்தட்ட முழுக்க ராணுவ வேலையில் போய்விட்டது, ஏழு ஆட்டம்தான். இத்தனை தாமதத்துக்கும் பிறகு ஆறு சீசன்களில் 200 ஹிட்டைத் தாண்டியிருக்கிறார் (ஹிட் என்றால் பந்தை அடித்துவிட்டு, அவுட் ஆகாமல், ஓடி எட்ட வேண்டிய முனைகளான பேஸ்களில் ஒன்றையாவது எட்டுவது). 1920-ல் 63 பேஸ் திருடி லீகிலேயே முதல் ஆள். (பேஸ் திருடுவது என்றால் பிட்சர் அசருகிற நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது, நாம் ஓவர்த்ரோவில் ஓடுவதுபோல் இல்லை, நிஜமாகவே திருட்டுதான்.) 1924-ல் செனட்டர்ஸ் சாம்பியன் ஆனபோதும் இருந்தார். 1925-ல் 227 ஹிட், சராசரி .350, அதாவது ஆயிரம் தடவை அடிக்க நின்றால் 350 தடவை ஹிட். அவற்றில் 182 வெறும் சிங்கிள் (ஒரே ஒரு பேஸ் எட்டுகிற ஹிட்), அந்தச் சாதனையை அமெரிக்கன் லீகில் உடைக்க 1980 ஆனது. பேப் ரூத் பந்தைக் கூரைக்கு மேலே அனுப்பிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இந்த ஆள் பூ எடுக்கிற மாதிரி இடைவெளியில் தட்டிவிட்டு ஓடிக்கொண்டிருந்தார், இருபது வருஷத்தில் மொத்தமே 34 ஹோம் ரன்தான் (நம் சிக்ஸர் மாதிரி). 40 வயதில் ஒரு சீசனில் 207 ஹிட்! நம் ஊரில் 35 ஆனாலே எப்போது ரிட்டையர் ஆகப் போகிறாய் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

1934-ல் கிளீவ்லேண்டுக்கு ஆடி, 44 வயதில் நிறுத்தினார். மொத்தம் 2,987 ஹிட். இன்னும் 13 அடித்திருந்தால் 3,000. அந்தக் கடைசி சீசனில்கூடக் கிட்டத்தட்ட ஆட்டத்துக்கு ஒரு ஹிட் வீதம் அடித்துக்கொண்டுதான் இருந்தார், இரண்டு வாரம் தாக்குப்பிடித்திருந்தால் முடிந்திருக்கும். அவருக்குத் தன் கணக்கு எவ்வளவு என்றே தெரியவில்லையாம். அந்தக் காலத்தில் 3,000-ஐ யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. பிறகு கிரிஃபித் கூப்பிட்டு, வந்து மீதியை முடித்துக்கொள் என்றபோதும், உடம்பு ஆட்டத்துக்கான நிலையில் இல்லை என்று மறுத்துவிட்டார்.

1912-ல் நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பின்னாளில் மறுமணம் செய்துகொண்ட வீட்டிலேயே பல பத்து வருஷங்களுக்கு அது தெரியாது. அது தெரிந்த பிறகு அந்தக் கடிதத்தை என்னால் குறும்பு என்று மட்டும் பார்க்க முடியவில்லை. அதைவிடப் பெரிய ஒன்றை இத்தனை காலம் மூடி வைத்திருந்தவருக்கு ஒரு கேட்ச் எம்மாத்திரம்? ஒருவேளை வாயைத் திறக்காமல் இருப்பதே அவருக்குப் பழகிப்போயிருக்கலாம்.

1974 அக்டோபரில் இறந்தார். கடிதத்தைப் பிரித்தார்கள். நடந்ததை வரிசையாக எழுதி, எந்த நேரத்திலும் பந்து என் கையை விட்டுப் போகவில்லை என்று முடித்திருந்தார். நம்புகிறவர்கள் நம்பினார்கள். கிரிக்கெட் ஆடியவன் என்கிற முறையில் எனக்கு ஒரு சந்தேகம்: கூட்டத்துக்குள் தலைகுப்புற விழுந்தவனுக்கே அந்த நொடி சரியாகத் தெரிந்திருக்குமா? எனக்குத் தெரிந்ததா என்று கேட்காதீர்கள்.

மலை இறங்கி வந்த வாரம் தட்டுவடைக் கடையில் நண்பனிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். சூறாவளிக்கு 'ச்சே' என்று தலையை ஆட்டினான். கடிதத்துக்கு முறைத்தான். ஆனால் அவன் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். "பதிமூணா? வெறும் பதிமூணா?" என்றான். பட்டறையில் மில்லிகிராம் சுத்தமாக எடை போட்டுப் பழகிய ஆள். "பதிமூணு கிராம் வெள்ளி கணக்குல இடிச்சாலே எனக்குத் தூக்கம் வராதுடா. இந்தாளு ரெண்டு வாரம் ஆடியிருக்கக் கூடாதா? யாராச்சும் எண்ணி சொல்லியிருக்கக் கூடாதா?" செட் ஆறிக்கொண்டிருந்தது, சட்னி தட்டில் ஓடிக்கொண்டிருந்தது, அவன் விரலை மடக்கி மடக்கி ஆட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தான். அன்றைக்கு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்தே போனான்.