கோடு போட்டால் மட்டும் போதாது

மலையகத்து அட்டன் பக்கமிருந்து பேராதனை மருத்துவ பீடத்துக்குப் போகிற தம்பி தங்கச்சிமாரே, ஏ.எல். பரீட்சைக்குப் பாஸ்ட் பேப்பர், அதாவது பழைய வினாத்தாள், செய்து செய்துதானே வந்தீர்கள்? உள்ளே போனதும் அதை விட்டுவிட்டு, நோட்ஸ் முழுக்க ஹைலைட்டரால் மஞ்சள் பூசாதீர்கள். திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரித்தான் இருக்கும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். குப்பி வைத்து, அதாவது கூடப் படிக்கிறவர்களைக் கூட்டி வைத்து, சொல்லிக்கொடுக்கிறவனுக்குப் பாடம் மறக்காததும் இதனால்தான். கைக்குப் போகிற நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸை வெறும் தாளில் கீறிப் பாருங்கள், எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். அப்புறம் தூங்குங்கள். விடிய விடிய முழிப்பதில் வீரம் ஒன்றுமில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் பழக்கத்தின் மேல் போடுவது அநியாயம். தமிழில் உயிரியல் படித்த பிள்ளை, உடற்கூற்றியலோடு ஆங்கிலத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். வீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற சம்பளம்தான். மகாபொல உதவித்தொகை வரும்வரை கை காய்ந்திருக்கும்; அம்மா போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டால் "ம்" என்றுதான் சொல்ல வரும். அதுவும் மார்க்ஸில் தெரியும். உடற்கூற்றியல் படிக்கிற எலும்பு செட்டைப் புதிதாக வாங்கிக் காசைக் கரைக்காமல், முந்தின பேட்ச் அண்ணாமாரிடம் கேளுங்கள்.