கேடயத்தில் பரிமாறிய சாப்பாடு

இங்கிலாந்தில் பேட்டில் என்ற ஊரில், 1066-ல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரை நடித்துக் காட்டும் நாள். இரும்பு வளையச் சட்டை போட்டவர்கள் எதிரே மோதுகிறார்கள், பின்னால் பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் மணக்கின்றன. அந்தப் போர்க் காலத்தில் இங்கே உருளைக்கிழங்கு கிடையாது. அது வந்து சேர ஐநூறு ஆண்டுக்கும் மேல் ஆனது. தக்காளியும் அப்படித்தான்.

கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. குளிரில் நிற்கும் குழந்தைக்குப் பசித்தால் தெரிந்த சாப்பாடுதான் வேண்டும். கூடாரம் போட்டு அந்தக் காலத்து முறையில் சமைப்பவர்கள் நமக்கு விற்பதும் லேசில்லை. உணவு விற்க 28 நாள் முன்பே உள்ளூராட்சியில் பதிய வேண்டும்.

ஆனாலும் அந்தக் காலத்துச் சாப்பாட்டின் மேல் ஆசை விடவில்லை. அந்த நூற்றாண்டிலேயே நூலால் படம் தைத்த பேயு பூத்தையல் துணியைப் பாருங்கள். சுமார் 70 மீட்டர் நீளம், இந்தப் போரும் அதற்கு முன் நடந்தவையும்தான் கதை. அதில் சண்டைக்கு முன்னால் சமையல் வருகிறது! கொப்பரை தொங்குகிறது, கம்பியில் கோத்த இறைச்சி வேகிறது, கேடயங்களையே மேசையாக்கிப் பரிமாறுகிறார்கள், ஒருவர் கொம்பு ஊதிச் சாப்பிடக் கூப்பிடுகிறார். எவ்வளவு உயிரான காட்சி!

அதை ஒரே ஒரு கடையாவது செய்தால் போதும். பட்டாணியும் லீக்ஸும் போட்டுக் கொதிக்கவிட்ட கஞ்சி, பார்லி ரொட்டி ஒரு துண்டு, கொஞ்சம் தேன். மிளகாய் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். எத்தனை நீள வரிசையானாலும் நான் நிற்பேன்.