கொழுந்தனார் குவித்த நான்கு குவியல்கள்

முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு வந்த கொழுந்தனார், படைப்பு முடிந்த மறுநாள் காலையில் பலகாரம் சாப்பிட்ட கையோடு அடுப்படிக்குள் புகுந்து, அலமாரியில் இருந்த டின், பாட்டில், பொட்டலம் அத்தனையையும் இரண்டாங்கட்டில் இறக்கிவிட்டார். வருமான வரிக்காரர்கள்கூட இத்தனை நிதானமாகச் சோதனை போட்டிருக்க மாட்டார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சென்னையில் மருத்துவர் சொன்ன நாள்முதல் எந்தப் பொட்டலத்தைக் கண்டாலும் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார் என்று ஓர்ப்படியாள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். படிப்பதோடு நிறுத்திக்கொள்வார் என்று நாங்கள்தான் நம்பியிருந்தோம்.

பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ என்ற பேராசிரியர் 2009இல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்தது 'நோவா' என்னும் பாகுபாடாம். அதன்படி உலகத்து உணவெல்லாம் நான்கே பிரிவுக்குள் அடங்கிவிடும். அரிசி, பருப்பு, காய்கறி, முட்டை, பால் ஆகியவை முதல் பிரிவு. எண்ணெய், நெய், உப்பு, சர்க்கரை என்று சமையலுக்குத் துணைநிற்பவை இரண்டாம் பிரிவு. முதலாவதில் இரண்டாவதைச் சேர்த்துப் பதப்படுத்தியவை மூன்றாம் பிரிவு. ஆலையில் உணவைக் கூறுகூறாகப் பிரித்தெடுத்து, நிறமும் மணமும் ஏற்றி, வாங்கத் தூண்டும்படி மறுபடியும் ஒட்டவைத்தவை நான்காம் பிரிவு. இதை விளக்கிக்கொண்டே தரையில் நான்கு குவியல்களை எழுப்பினார். என் மாமியார் தூணில் சாய்ந்தபடி, தம் டின்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்.

நார்த்தங்காய் ஊறுகாய் மூன்றாம் குவியலுக்குப் போனது. மாமியாரின் முகம் மாறியது. கவுணி அரிசி முதல் குவியலுக்கு வந்தபோது அந்த முகம் தெளிந்தது. ஆனால் அந்தக் கவுணியைத் தலைக்குத் தலை சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறினால் எந்தக் குவியல் என்று அவர் கேட்டதற்குக் கொழுந்தனாரிடம் விடை இல்லை. "ஆத்தா, அது வீட்டுச் சமையல்" என்று முனகிவிட்டு அடுத்த டின்னைத் திறந்தார். அதில் தேன்குழலும் சீப்புச்சீடையும் இருந்தன. மாவும் எண்ணெயும் உப்பும் தவிர அவற்றில் வேறொன்றுமில்லை. ஆலையின் கைபட்ட அடையாளமும் இல்லை. எண்ணெயில் முங்கி எழுந்த அவ்வளவும் நான்காம் பிரிவின் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையாகிவிட்டது. விடுதலையைக் கொண்டாடும் விதமாகக் கொழுந்தனாரே ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டார். சர்க்கரை எல்லைக்கோடு என்ன நினைத்ததோ தெரியவில்லை.

அகப்பட்டது என் கம்பு பிஸ்கட்தான். உறையில் பச்சை வயலும் ஒரு பாட்டியின் சிரிப்பும் இருக்கும். நல்லது என்று நம்பி நான் வாங்கி வைத்திருந்தது. எடையில் எது அதிகமோ அதைத்தான் சேர்மானப் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து பாமாயில். கம்பு மாவு எங்கோ வரிசையின் வாலில் நின்றது. அதற்குப் பின்னால், கலந்திருக்கும் சேர்க்கைப் பொருள்களைக் குறிக்கும் ஐ.என்.எஸ். 500, 503, 322 என்று எண்கள். முதல் இரண்டும் உப்பவைப்பவை, மூன்றாவது எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்துவைக்கும் லெசித்தின் என்று அவரே உரை சொன்னார். நூடுல்ஸ், சூப் கட்டி, காலையில் பாலில் கலக்கும் மால்ட் தூள் எல்லாம் பிஸ்கட்டின் பின்னாலேயே நான்காம் குவியலுக்குப் போய்ச் சேர்ந்தன.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அமெரிக்காவில் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலை உணவும் இரண்டு வாரம் எளிய உணவும் கொடுத்துப் பார்த்தார்களாம். பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒப்பாக இருந்தும், ஆலை உணவின்போது நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றிருக்கிறார்கள். 2019இல் வெளிவந்த ஆய்வு. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவற்றைக் குறைக்கத்தான் சொல்லியிருக்கிறது. இதில் எனக்கு மறுப்பே இல்லை.

மறுப்பு அதற்குப் பிறகு வந்தது. நோவாவோடு நிற்காமல், இயந்திரம் தொட்டது எதுவுமே கூடாது என்று தம் பங்குக்கு ஐந்தாவதாக ஒரு பிரிவைக் கொழுந்தனார் ஏற்படுத்தினார். புதுவயல் ஆலையிலிருந்து வரும் எங்கள் புழுங்கலரிசி மூட்டையும் அவர் கண்ணுக்குக் குற்றவாளியாகிவிட்டது. நோவாவே அரிசியை முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது என்றேன். தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்கு நரம்பு நோய் வந்ததைக் கண்டறிந்த டச்சு மருத்துவர் எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கொடுத்ததைச் சொல்லி அவர் மடக்கினார். நெல்லைப் புழுக்கும்போதே அந்த நோயைத் தடுக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அதனால்தான் புழுங்கலைத் தீட்டினாலும் அது பச்சரிசி அளவுக்கு வெறுமையாவதில்லை என்று நான் திருப்பி மடக்கினேன். "அண்ணமிண்டி, நீங்கள் விவாதம் செய்கிறீர்கள்" என்றார். அதுவரை அவர் செய்ததற்கு என்ன பெயரோ.

அன்று திங்கட்கிழமையாக வேறு போய்விட்டது. காரைக்குடிச் சந்தைக்குப் போய் முழுக் கம்பு ஒரு பை நிறைய வாங்கி வந்து, இதை உரலில் குத்திச் சமைத்தால்தான் உண்மையான உணவு என்று முற்றத்தில் வைத்தார். மாமியார் எழுந்து போய், கிட்டங்கியில் கிடந்த உலக்கையைத் துடைத்து, ஒரு சொல்லும் பேசாமல் மகன் கையில் கொடுத்தார்.

கம்பை அப்படியே போட்டுக் குத்தினால் அது உரலுக்குள் நிற்காது. தண்ணீர் தெளித்துப் பிசறி, ஈரம் உள்ளே இறங்கும் வரை பொறுத்திருந்து குத்த வேண்டும். கொழுந்தனார் பொறுத்திருக்கவில்லை. முதல் குத்திலேயே கம்பு முற்றம் முழுவதும் சிதறியது. மாமியார் தண்ணீர் தெளித்துக் கொடுத்த பிறகு உமி கழன்றது. அதைச் சுளகில் புடைக்கத் தெரியாமல், உமியை முகத்திலும் பனியனிலும் வாங்கிக்கொண்டு, கம்பைத் தரையில் கொட்டினார். வெயில் ஏறுவதற்குள் உள்ளங்கை சிவந்து, இரு கைப்பிடி கம்பு தேறியது. மிச்சப் பையை யார் குத்துவது என்ற கேள்வியோடு அவர் நிமிர்ந்து பார்த்தபோது, நானும் மாமியாரும் சொல்லிவைத்தாற்போல் வேறு திசையைப் பார்த்தோம்.

அந்த நேரம் பார்த்து வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் உள்ளே வந்தார். அவரிடம் நான்காம் குவியலைச் சுட்டிக்காட்டி, "இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம், உன் பிள்ளைகளுக்கு எடுத்துப் போ" என்று கொழுந்தனார் தாராளமாகச் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. காலையிலிருந்து நஞ்சு என்று பாராயணம் செய்தது எங்கள் வயிற்றுக்கு மட்டும்தானா? அந்த அம்மாளோ கோபித்துக்கொள்ளவில்லை. நூடுல்ஸை மட்டும் எடுத்துக்கொண்டார். "ராத்திரி கேப்பைக்களிதான் கிண்டுறேன் ஐயா. மூணு வீட்டு வேலைய முடிச்சிட்டுப் போயி களி கிண்ட முடியாத அன்னிக்கு இது ஆகும்" என்றார். போகிற போக்கில், உரலில் எஞ்சியிருந்த கம்பை நான்கு குத்துக் குத்திப் புடைத்துக் காட்டிவிட்டும் போனார். ஒரு மணிகூடத் தரையில் விழவில்லை.

கொழுந்தனார் ஊருக்குத் திரும்பிவிட்டார். நேற்று தொலைபேசியில் கூப்பிட்டு, கம்பஞ்சோறு அருமையாக இருந்ததாகவும், மாதம் இரண்டு கிலோ குத்திப் பேருந்தில் போட்டுவிட்டால் போதும் என்றும் கேட்டார். குத்துக்கூலியாக அந்த அம்மாளுக்குக் கிலோவுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டேன். அரைத்து விற்கிற கடை ஏதாவது சென்னையிலேயே இருக்கும், விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.