வெயிலுக்கு ஒரு வெள்ளரிக்காய்ச் சலாட்

"இண்டைக்கு உங்களுக்கு நல்ல சந்தோசமாயிருக்குமே, உங்கட ஊர் வெயில் மாதிரியே அடிக்குது!" என்றார் மேல்வீட்டு அம்மா, படியால் இறங்கிக்கொண்டே. நான் தண்ணிப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வியர்த்து வழிய ஏறிக்கொண்டிருந்தேன். சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

ஜெர்மனியில் கோடை தொடங்கினால் இந்தக் கதை எனக்குத் தப்பாமல் கிடைக்கும். 2019 யூலை 25ஆம் திகதி டூயிஸ்புர்க் பக்கம் 41.2 பாகை அடித்தது. மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த நான் அப்படியொரு சூட்டை அங்கே கண்டதேயில்லை. கச்சான் காற்று வீசுற காலத்தில் முகம் எரியும், உண்மைதான். ஆனால் பின்னேரம் கல்லடிக் கடற்கரைக்குப் போய்க் குந்தலாம், வேம்புக்குக் கீழே பாயைப் போடலாம். இங்கே வீடுகளைக் கட்டியிருப்பதே சூடு வெளியே போகாமல் இருக்கத்தான். மார்கழிக்கு அருமை. ஆடியில் நாங்கள் பிட்டுக்குழலுக்குள் கிடக்கிற மா.

சும்மா சொல்லக்கூடாது, அடுப்பு மூட்டாமல் சோற்றுக்குத் தொட்டுக்க ஒன்று காட்டித் தந்ததும் அதே மேல்வீட்டு அம்மாதான். நீட்டு வெள்ளரிக்காயைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாகச் சீவி, உப்புப் போட்டு ஒரு இருபது நிமிசம் விடவேணும். தண்ணி தானாக ஊறி வரும். அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிந்து ஊற்றிவிட்டு, ஷ்மாண்ட் என்கிற புளித்த பாலாடை, கொஞ்சம் வினிகர், வெங்காயம், மிளகு, ஒரு சிட்டிகை சீனி, கடைசியில் சதகுப்பை இலை. சாப்பிடப்போகிற நேரத்தில்தான் கலக்கவேணும், இல்லாட்டி திரும்பவும் தண்ணி விட்டுவிடும். நான் பச்சைமிளகாய் ஒன்று அரிந்து போடுவேன், வினிகருக்குப் பதில் தேசிக்காய்ப்புளி. சீனிக்கு முதலில் முகம் சுளித்தேன், இப்ப நானே போடுகிறேன். சதகுப்பைதான் இன்னும் மல்லுக்கட்டுகிறது. அது கிரைப் வோட்டர் மணம். ஒரு வாய் வைத்தால் போதும், மூத்தவனைத் தோளில் போட்டு ஏவறை விடப்பண்ணின இரவெல்லாம் வந்துவிடும்.

ஆனால் எனக்கு இந்தச் சலாட்டில் வெள்ளரிக்காய் பெரிய விசயமில்லை. ஷ்மாண்டுதான். அதில் கொழுப்பு நூற்றுக்கு இருபதுக்கு மேல். கரண்டியைக் குத்தினால் சாயாமல் நிற்கும். முதல்முறை மூடியைத் திறந்த உடனே, தயிர்ச்சட்டி!

இங்கே கடையில் தயிர் என்று விற்கிறதைத் தயிர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பசுப்பாலில் கொழுப்பு நாலு வீதம் இருந்தால் பெரிய காரியம், எருமைப்பாலில் ஏழு எட்டு வரும். அதையும் மண்சட்டியில் உறைய விட்டால் மிச்சத் தண்ணியைச் சட்டியே குடித்துவிடும், பிழியத் தேவையில்லை. அப்பா வாவிக்கு அந்தப்பக்கம் இருக்கிற படுவான்கரையிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். மேலே மஞ்சள் பூத்த ஆடை. அந்த ஆடைக்கு நானும் தம்பியும் அடிபடுவோம், அம்மா இரண்டு பேருக்கும் இல்லையென்று அம்மம்மாவின் கோப்பையில் போட்டுவிடுவா. பிறகு சுடுசோறு, தயிர், சீனி, கதலிவாழைப்பழம், எல்லாம் ஒன்றாகப் பிசைந்து. கொழும்புக்குப் போகிற ஆரும் பஸ்ஸில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் போவினம், பிள்ளையை வைத்திருக்கிற கவனத்தோடு.

இப்போது எங்கட மட்டக்களப்பு மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பண்ணைக்காரர் 2023இலிருந்து போராடுகிற செய்திகளைப் போனில் பார்க்கும்போது, மாடுகளை நினைப்பேனா தயிரை நினைப்பேனா என்று எனக்கே வெட்கம்.

நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்கு வெயிலில் வெறுங்காலோடு நடக்கிறோம், கட்டடத்துக் கிறில் விருந்துக்கு "உங்கட வெள்ளரிக்காய்ச் சலாட்டைக் கொண்டுவாங்க" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். என்ர சலாட்! அம்மாவுக்கு வீடியோவில் செய்து காட்டினேன்.

"என்ன மகள் இது, நல்ல தயிருக்குள்ள காயைப் போட்டு நாசமாக்கிறாய்?"

"தயிரில்லம்மா, ஷ்மாண்ட்."

"என்ன கோதாரியோ. காயை எடுத்து வைச்சிட்டுச் சீனியைப் போட்டுத் தின்னு."

எப்படித்தான் கண்டுபிடித்தாவோ. சலாட்டுக்கு ஒரு டப்பா போதும். நான் கடையில் நாலு எடுப்பேன், கூடவே வாழைப்பழம். "ஆரும் விருந்துக்கு வருகினமோ?" என்று இவர் கேட்பார். ஓம் என்று சொல்லிவிடுவேன்.