நாள்பட்ட முதுகுவலியும் ஆக்குபேஷனல் தெரபியும்: என் அனுபவம்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள் மருத்துவர்கள். என் முதுகுவலி அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டது. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, அறுவை சிகிச்சை செய்யும் அளவுக்கு எதுவும் இல்லை என்றும் சொல்லியாகிவிட்டது. மாத்திரையும் பிசியோதெரபியும் ஓரளவு கைகொடுத்தன. ஆனாலும் சமையல், அலுவலகம், தூக்கம் என்று எல்லாவற்றையும் வலிதான் தீர்மானித்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டத்தில்தான் மருத்துவர் என்னை ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்ய உதவும் சிகிச்சைக்கு, அனுப்பினார்.

முதல் நாள் தெரபிஸ்ட் என் முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “காலையில எழுந்ததுல இருந்து படுக்கப் போற வரைக்கும் என்னென்ன செய்றீங்க, வரிசையா சொல்லுங்க” என்றார். சொன்னேன். “முன்னாடி செஞ்சு, இப்ப விட்டுட்டது எது?” என்று அடுத்து கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் நேரம் பிடித்தது. வலி எவ்வளவு என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். வலியால் எதையெல்லாம் விட்டேன் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

கனடாவில் உருவான ஒரு மதிப்பீட்டு முறையை அவர் பயன்படுத்தினார். நமக்கு முக்கியமான சில வேலைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் இப்போது எவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் போடுவார்கள். 2 புள்ளி கூடினாலே குறிப்பிடத்தக்க முன்னேற்றம். நான் மூன்றைச் சொன்னேன்: உட்கார்ந்து தொடர்ந்து தட்டச்சு செய்வது, நின்றுகொண்டு சமைப்பது, மகளுக்குத் தலை பின்னிவிடுவது. கடைசியைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் அதைத்தான் முதலில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஒரு வாரத்துக்கு நாட்குறிப்பு. எந்த வேலை, எத்தனை நிமிடம், எப்போது வலி கூடியது. அதைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஒரு வடிவம் தெளிவாகத் தெரிந்தது. வலி குறைந்திருக்கும் நாளில் தேங்கிய வேலை எல்லாம் நடக்கிறது, அடுத்த ஒன்றிரண்டு நாள் படுக்கையில் போகிறது. நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் இது மிகவும் சகஜம் என்றார். இப்படியே போகப் போக, நல்ல நாளில் செய்யக்கூடிய அளவும் சுருங்கிக்கொண்டே வருமாம்.

இதை மாற்ற அவர் சொல்லித்தந்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. ஒரு வேலையை நல்ல நாளில் எத்தனை நிமிடம், மோசமான நாளில் எத்தனை நிமிடம் செய்ய முடிகிறது என்று பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். நிற்பதற்கு எனக்கு 20 நிமிடமும் 10 நிமிடமும் வந்தன. சராசரி 15, கழித்தால் 12. இனிமேல் 12 நிமிடம் ஆனதும் நிற்பதை நிறுத்திவிட வேண்டும், வலி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வலியைப் பார்த்து நிறுத்தாமல் முன்கூட்டி வகுத்த அளவைப் பார்த்து நிறுத்தும் இந்த அணுகுமுறையை அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1970களில் முன்வைத்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பாதி காய் நறுக்கிய நிலையில், உடம்பு நன்றாக இருக்கும்போது, கைபேசி மணி அடித்ததும் கத்தியை வைத்துவிட்டு உட்காருவது சாதாரண விஷயம் இல்லை. இன்னும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். மோசமான நாளில் நேர்மாறு. 12 நிமிடம் வரை தாக்குப்பிடிக்கவே பயமாக இருக்கும். அதற்குத்தான் அவர் பொறுமையாக விளக்கம் சொன்னார். நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. சாதாரண அசைவுக்கும் வலி வரும். அந்த வலி வந்த ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ சேதமாகிறது என்று அர்த்தமில்லை. வலியோடு சம்பந்தப்படாமல் ஒரே சீராகச் செய்யச் செய்ய, அந்த அசைவு ஆபத்தில்லாதது என்று உடம்பு பழகும். இரண்டு வாரம் சீராகப் போனால் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். கூட்டியது மெதுவாகத்தான். ஆனால் கூடியது குறையவில்லை.

சமையலறையில் மாற்றியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மேடைக்கு அடியில் ஒரு தாழ்வான பலகை வைத்து ஒரு காலை மாற்றி மாற்றி அதன்மேல் வைத்துக்கொள்வது. குனியாமல் நறுக்க வெட்டும் பலகையின் உயரத்தைக் கூட்டுவது. தினமும் எடுக்கும் பாத்திரங்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுக்கு மாற்றுவது. அலுவலக மேசையிலும் திரை, நாற்காலி உயரம் எல்லாம் பார்த்தார். ஆனால் எவ்வளவு நல்ல நாற்காலியாக இருந்தாலும் அதில் அசையாமல் உட்காரக் கூடாது, நிலை மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பு. இடுப்பு பெல்ட் போடட்டுமா என்று கேட்டேன். நாள் முழுக்க அதையே நம்பியிருந்தால் தசை வேலை செய்யாமல் போய்விடும் என்று வேண்டாம் என்றுவிட்டார்.

தலை பின்னும் விஷயத்தில், மகளைத் தரையில் உட்கார வைத்து நான் குனிவதுதான் வழக்கமாக இருந்தது. தெரபிஸ்ட் முன்னால் அதைச் செய்து காட்டினேன். அவர் மகளை உயரமான ஸ்டூலில் உட்கார வைத்தார். எனக்குப் பின்னால் சுவர், பாதம் இரண்டும் அகலமாக. வகிடு எடுத்து ஒரு பக்கம் பின்னியதும் கையைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டு, தோளைச் சுழற்றிவிட்டு, அடுத்த பக்கம். முதலில் இரட்டைப் பின்னலுக்குப் பதில் குதிரைவால் போதும் என்று அளவு வைத்தோம். இப்போது இரட்டைப் பின்னலே போடுகிறேன். அந்த வேலைக்குத் திருப்தி மதிப்பெண் முதலில் 1. மறுமதிப்பீட்டில் 7 கொடுத்தேன்.

வீட்டில் இருப்பவர்களிடம் பேசுவதும் சிகிச்சையில் ஒரு பகுதி. நான் நடுவில் உட்கார்ந்தால் “வலிக்குதா?” என்று கேட்காமல் “நேரம் ஆச்சா?” என்று கேட்கச் சொன்னார். கணவர் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். வலியையே பேச்சாக்காமல் இருந்தது வீட்டின் சூழலையே இலகுவாக்கியது.

வலி திடீரென்று கூடும் நாட்கள் இன்னும் வருகின்றன. அதற்கென்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம்: எந்த வேலையைத் தள்ளிப்போடலாம், எதை யாரிடம் கொடுக்கலாம், எதைப் பாதி அளவிலாவது விடாமல் செய்ய வேண்டும், எப்போது பழைய அளவுக்குத் திரும்புவது. வலி உச்சத்தில் இருக்கும்போது யோசிக்க முடியாது. அதனால் நன்றாக இருக்கும் நாளிலேயே எழுதிவிடுவது நல்லது. அதே தாளில் அடியில் இன்னொன்றும் இருக்கிறது: கால் மரத்துப்போய் பலவீனமானாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, முதுகுவலியோடு காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலி முழுவதும் போய்விடவில்லை. போய்விடும் என்று தெரபிஸ்டும் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த நேர்மைதான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வர முதல் காரணம்.

போக நினைப்பவர்கள், ஒரு வாரத்து நாட்குறிப்பையும் நீங்கள் திரும்பச் செய்ய ஆசைப்படும் இரண்டு மூன்று வேலைகளையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வலிக்கும் வேலையை அங்கேயே செய்து காட்ட முடிந்தால் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அதில்தான் அவர்களுக்கு நிறையப் புரியும். உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்கவே இல்லை என்றால், நீங்களே பேச்சை எடுங்கள்.